விளையாட்டு வழியே கணிப்பொறிக் கல்வி

கணிப்பொறி இல்லாமலே கணிப்பொறி அறிவியலைக் கற்பிக்க இயலுமா? நீரில்லாத குளத்தில் நீச்சல் பழக்குவதைப் போன்றதாக இக்கேள்வி முதலில் தோன்றலாம். ஆனால் நம் நாட்டில் இதனைப் புறந்தள்ளிவிட முடியாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் பள்ளிப் புள்ளிவிவரத் தொகுப்பின்படி, 2024-25ஆம் ஆண்டில் நாட்டிலிருந்த 14.71 லட்சம் பள்ளிகளுள் 64.7 விழுக்காட்டுப் பள்ளிகளில் கணிப்பொறி வசதி இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இது 57.2 விழுக்காடாக இருந்ததை நோக்கினால் வளர்ச்சி விரைவானதே. எனினும் ஏறத்தாழ 5 லட்சம் பள்ளிகள் அவ்வசதியைப் பெறாமல் இருந்தன என்பதும் அதே தொகுப்பிலிருந்து பெறப்படும் செய்தியாகும்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கணித முறைச் சிந்தனையையும் கணிப்பு முறைச் சிந்தனையையும் தொடக்க நிலை முதற்கொண்டே புதிர்கள், விளையாட்டுகள் வாயிலாக வளர்க்க வேண்டும் என்றும், நிரல் எழுதுதல் சார்ந்த பயிற்சிகளை 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் புகுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. புதிர்களும் விளையாட்டுகளும் முதலில், நிரல் பின்னர் என்னும் இந்த வரிசை ஆழ்ந்து நோக்கத்தக்கது. கருவி கிடைக்காத பள்ளிக்குச் சொல்லப்பட்ட ஆறுதலாக இதனைக் கொள்ளக் கூடாது. கருவி நிரம்பிய பள்ளிக்கும் இதுவே பொருத்தமான வரிசை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பூட்டிய அறை

நம் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1984-85இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்னும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கி, பிரிட்டனில் உருவான பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகளைத் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வழங்கியது. 2004இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம் வந்தது. பின்னர் மாநில அரசுகளும் தத்தம் திட்டங்களை வகுத்தன. கருவிகள் வந்தன. அவை எவ்வாறு பயன்பட்டன என்பது வேறு செய்தி.

இக்கட்டுரையாளர் முன்னொரு காலத்தில் பார்த்த ஒரு பள்ளியில் கணிப்பொறி அறைக்கு இரட்டைப் பூட்டு போடப்பட்டிருந்தது. மாணவர்கள் வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே சென்று, துணி போர்த்திய கருவிகளைச் சுற்றி நின்றனர். ஆசிரியர் துணியை நீக்கிப் பாகங்களின் பெயர்களைக் கூறினார். மாணவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த குழு காத்திருந்ததால் துணி மீண்டும் போர்த்தப்பட்டது. அம்மாணவர்கள் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கவும் கூடும். ஆனால் கணிப்பொறி தானாக எதனையும் புரிந்துகொள்வதில்லை, கொடுத்த கட்டளையை அப்படியே நிறைவேற்றுகிறது என்னும் முதற்பாடம் அவர்களுக்குக் கிட்டவில்லை. அந்தப் பாடத்திற்கு அறையும் தேவையில்லை, பூட்டும் தேவையில்லை. பள்ளி முற்றமும் சுண்ணக்கட்டியும் போதும்.

கணிப்பொறியாக மாறும் குழந்தை

ஆங்கிலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்னும் சொல் இயந்திரத்தைக் குறிப்பதற்கு முன் கணக்கிடும் பணி புரிந்த மனிதரைக் குறித்தது. 1946இல் அமெரிக்காவில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறியின் முதல் நிரலாளர்கள் ஆறு பெண்கள். அவர்களும் அதற்கு முன்னர் அத்தகைய கணக்கீட்டாளர்களாகப் பணியாற்றியவர்களே. ஆகவே ஒரு குழந்தையைச் சிறிது நேரம் கணிப்பொறியாக நடிக்கச் சொல்வது இத்துறையின் வரலாற்றுக்கு மாறான செயல் ஆகாது.

தரையில் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் வரையப்படுகின்றன. நொண்டி விளையாட்டுக்குக் கட்டம் போட்டுப் பழகிய பிள்ளைகள் இதனை இரண்டு நிமிடத்தில் வரைந்துவிடுவார்கள். ஒரு மூலையில் ஒரு சிறுவன் நிற்கிறான். அவனே இயந்திர மனிதன். எதிர் மூலையில் ஒரு டப்பாவில் புளியங்கொட்டைகள் வைக்கப்பட்டுள்ளன. இடையே மூன்று கட்டங்கள் ‘கிணறு’ என்று குறிக்கப்பட்டுள்ளன. இயந்திர மனிதனுக்குத் தெரிந்த கட்டளைகள் மூன்றே: ஒரு கட்டம் முன்னே செல், வலப்புறம் திரும்பு, இடப்புறம் திரும்பு. நான்கு பேர் கொண்ட குழு, கிணற்றில் விழாமல் புதையலை அடைவதற்கான கட்டளைகள் அனைத்தையும் தாளில் எழுதி முடித்துவிட வேண்டும். ஓட்டம் தொடங்கிய பின் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. ஒருவர் உரக்கப் படிக்க, இயந்திர மனிதன் நடக்கிறான்.

முதல் முயற்சியில் பெரும்பாலும் அவன் கிணற்றில்தான் விழுவான். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. எழுதியவர்கள் தங்கள் வலப்புறத்தை நினைத்து எழுதியிருப்பார்கள். எதிரே நிற்பவனுக்கு அது இடப்புறம். அல்லது ‘வலப்புறம் திரும்பு’ என்றாலே ஓரடி நகர்ந்தும் விடுவான் என்று எண்ணியிருப்பார்கள். இயந்திர மனிதனாக நிற்பவனுக்கோ வேறொரு துன்பம். நண்பர்கள் சொல்லவந்தது அவனுக்குப் புரியும்; அதன்படி திருத்தி நடந்துவிடக் கால் துடிக்கும். அவ்வாறு செய்யக் கூடாது என்பதே ஆட்டத்தின் விதி. எழுதியதை அப்படியே செய்யும் அந்தக் கடுமையை உடலால் உணர்ந்த பிள்ளைக்குக் கணிப்பொறியின் இயல்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

பின்னர் ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. தாளைக் கிழித்துப் புதிதாக எழுத அனுமதிக்கக் கூடாது. எந்த வரியில் தவறு நேர்ந்தது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு வரியை மட்டும் திருத்தச் செய்ய வேண்டும். தொழில்முறை நிரலாளரின் வேலை நேரத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பிழை தேடலிலேயே கழிகிறது. நம் வகுப்பறைகளில் தவறு என்றால் சிவப்பு மை, வெட்கம் என்றே பழகிவிட்டோம். இந்த ஆட்டத்தில் கிணற்றில் விழுந்தவனைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள், விழுந்தவனும் சிரிக்கிறான். பிறகு அனைவரும் குனிந்து தாளைப் பார்க்கிறார்கள்.

அடுத்த நாள் நான்காவது கட்டளை ஒன்று சேர்க்கப்படலாம்: ‘இத்தனை முறை செய்’. ‘4 முறை செய்: முன்னே 3 கட்டம், வலப்புறம் திரும்பு’ என்னும் ஒரே வரியில் இயந்திர மனிதன் ஒரு சதுரத்தைச் சுற்றி வந்துவிடுகிறான். எட்டு வரிகளில் எழுதியவர்கள் வியப்படைவார்கள். 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்சைக் ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கிய லோகோ மொழியில், ஆமை என்று பெயரிடப்பட்ட சிறு கருவி பின்னர் இவ்வாறே கட்டளைப்படி நகர்ந்து தரையில் கோடு வரைந்தது. ஆமையின் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்துக் குழந்தை வடிவியல் கற்கும் என்பது பேப்பர்ட்டின் கருத்து.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆமையைக் காட்டிலும் நெருக்கமானது கோலம். ஒருவர் கையிலுள்ள புள்ளிக் கோலத்தைப் பார்த்து வாயால் சொல்ல, முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் மற்றொருவர் அதனை வரைவது அருமையான பயிற்சி. கோலத்துக்கும் கணிப்பொறி அறிவியலுக்கும் உள்ள உறவு கற்பனையன்று. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கோல வடிவங்களை முறைசார் இலக்கணங்களாக ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகள் உலக அளவில் அறியப்பட்டவை.

ஐந்து அட்டைகள்

நியூசிலாந்தின் கேன்டர்பரிப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோருடன் இணைந்து 1990களில் தொகுத்த விளையாட்டுகள் இத்துறையில் புகழ்பெற்றவை. மின் இணைப்பே வேண்டாத கணிப்பொறி அறிவியல் என்னும் பொருள்பட அவற்றுக்குப் பெயரிட்டனர். அவற்றுள் சிலவற்றை நம் வகுப்புகளுக்கு ஏற்ப இங்கே தருகிறோம்.

பழைய திருமண அழைப்பிதழ்களின் பின்புறத்தில் முறையே 1, 2, 4, 8, 16 புள்ளிகள் இடப்படுகின்றன. ஐந்து பிள்ளைகள் வலமிருந்து இடமாக இதே வரிசையில் அட்டைகளுடன் நிற்கின்றனர். ‘19’ என்று ஆசிரியர் கூறியதும், 16, 2, 1 ஆகிய மூன்று அட்டைகளின் புள்ளிகள் தெரிய வேண்டும். ஏனையவை மறைய வேண்டும். தெரிவதை 1 என்றும் மறைவதை 0 என்றும் எழுதினால் 10011 கிடைக்கிறது. சுழியிலிருந்து 31 வரை வரிசையாக எண்ணச் சொன்னால் வலக்கோடியில் நிற்பவர் ஒவ்வொரு எண்ணுக்கும் அட்டையைத் திருப்பித் திருப்பிக் களைத்துப் போவார். இடக்கோடியில் நிற்பவர் ஒரே ஒரு முறை திருப்புவார். இரும எண் முறையின் அமைப்பு முழுவதும் அந்தக் களைப்பில் அடங்கியுள்ளது. ஆறாவது அட்டையில் எத்தனை புள்ளிகள் என்பதை ஆசிரியர் சொல்லிவிடாமல் இருப்பது நலம்.

இதே கருத்தைத் தமிழாசிரியரும் எடுத்துக்கொள்ளலாம். அசைகள் இரண்டே: நேர், நிரை. ஈரசைச் சீர்கள் 4, மூவசைச் சீர்கள் 8, நாலசைச் சீர்கள் 16. தேமா, புளிமா என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் ஏன் அவை நான்காகவும் எட்டாகவும் பதினாறாகவும் இருக்கின்றன என்று ஒருநாளும் கேட்டிருக்கமாட்டார்கள். வடமொழி யாப்பில் பிங்கலர் குறில், நெடில் அடுக்குகளை ஒன்றுவிடாமல் எழுதிக்காட்ட ஒரு முறை வகுத்திருக்கிறார். இதனைக் கொண்டு நம் முன்னோர் கணிப்பொறியைக் கண்டுபிடித்துவிட்டனர் என்று முழங்குவது தவறு. இரண்டே நிலைகளை அடுக்கினால் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும் என்பதைத் தெரிந்த இடத்திலிருந்து விளங்கவைக்கலாம் என்பதே செய்தி. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தர எத்தனை அட்டைகள் வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். ஏழு அட்டைகள் 128 எண்களையே தரும். எட்டு அட்டைகள் 256 தரும். நடைமுறையில் யூனிகோடு முறை உயிர்மெய்யை மெய்யாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்துக் குறிப்பதால், தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களே போதுமானவையாக உள்ளன.

நடந்து வரிசையாதல்

நான்கு பிள்ளைகளிடம் நான்கு எண்கள் தரப்படுகின்றன. முற்றத்தில் வரைந்த கோடுகள் வழியே அவர்கள் நடக்கின்றனர். இருவர் சந்திக்கும் இடத்தில் ஒரு வட்டம். அங்கே எண்களை ஒப்பிட்டுச் சிறிய எண் உடையவர் இடப்பக்கமும் பெரிய எண் உடையவர் வலப்பக்கமும் செல்ல வேண்டும். முதலில் இடப்பக்கத்து இருவர் ஒரு வட்டத்திலும் வலப்பக்கத்து இருவர் மற்றொரு வட்டத்திலும் சந்திக்கின்றனர். பிறகு, இடம் திரும்பிய இருவர் ஒன்றாகவும் வலம் திரும்பிய இருவர் ஒன்றாகவும் சந்திக்கின்றனர். இப்போது மிகச் சிறிய எண் இடக்கோடியை அடைந்துவிடும்; மிகப் பெரியது வலக்கோடியை அடைந்துவிடும். எஞ்சிய இருவர் நடுவட்டத்தில் சந்தித்துப் பிரிந்தால் நால்வரும் வரிசையாக நிற்பர்.

ஒப்பீடுகள் மொத்தம் ஐந்து. ஒரே ஆள் செய்தால் ஐந்து படிகள் ஆகும். சிலவற்றை ஒரே நேரத்தில் செய்வதால் மூன்றே கட்டங்களில் முடிகிறது. பல செயலிகள் இணைந்து இயங்கும் இன்றைய கணிப்பொறிகளின் வேகத்திற்கு ஒரு காரணம் இதுவே. எண்களுக்குப் பதிலாகச் சொற்களைக் கொடுத்தால் அகராதி வரிசை கிடைக்கும். அறுபது பேர் கொண்ட வகுப்பில் நால்வர் நடக்க மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது கூடாது. முற்றத்தில் நான்கைந்து வலைகளை வரைந்து குழுக்களுக்குள் போட்டி வைக்கலாம். காத்திருப்போர் முடிவை முன்கூட்டி எழுதிவைக்கலாம்.

தேடலைக் கற்பிப்பது இன்னும் எளிது. 1 முதல் 1000 வரை ஒருவர் நினைத்த எண்ணை, ஒவ்வொரு முறையும் பாதிப் பகுதியை நீக்கும்படி கேட்டால் பத்துக் கேள்விகளில் கண்டுபிடித்துவிடலாம். எண்களை 2000 ஆக்கினால் கூடுதலாக ஒரே ஒரு கேள்விதான் வேண்டும்.

பிழை காட்டும் அட்டை

இவ்விளையாட்டுகளில் பெரியவர்களையும் மயக்குவது ஒன்றுண்டு. ஒரு பக்கம் கறுப்பும் மறு பக்கம் வெள்ளையுமான 25 அட்டைகளை ஒரு மாணவி விரும்பியபடி ஐந்துக்கு ஐந்தாகப் பரப்புகிறாள். ‘இன்னும் கொஞ்சம் கடினமாக்குவோம்’ என்று சொல்லிக்கொண்டே ஆசிரியர் ஆறாவது நிரலும் ஆறாவது வரிசையும் சேர்க்கிறார். பின் அவர் திரும்பி நிற்க, மாணவி ஏதேனும் ஓர் அட்டையைப் புரட்டிவைக்கிறாள். ஆசிரியர் திரும்பிப் பார்த்து, புரட்டிய அட்டையை உடனே சுட்டிக்காட்டுகிறார்.

வகுப்பு இதனை நினைவாற்றல் என்றே முதலில் கருதும். உண்மையில், ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் கறுப்பு அட்டைகள் இரட்டைப்படையாக வருமாறு ஆசிரியர் தம் அட்டைகளை வைத்திருக்கிறார். ஓர் அட்டை புரண்டால் ஒரு வரிசையும் ஒரு நிரலும் ஒற்றைப்படையாகிவிடும். அவை வெட்டும் இடத்தில் குற்றவாளி இருக்கிறது. ‘கடினமாக்க’ வந்த அட்டைகளே காட்டிக்கொடுப்பவை. இரண்டு அட்டைகளைப் புரட்டினால் என்னாகும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். தவறு நேர்ந்தது தெரியும், ஆனால் எவையென்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் குறியீடுகளைப் பற்றி ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட கட்டுரையின் வித்து இதுதான்.

இதனோடு நின்றுவிட்டால் அது வித்தை. அடுத்த வகுப்பில் நூலகத்திலிருந்து சில நூல்களைக் கொண்டுவந்து, பின்னட்டையிலுள்ள 13 இலக்க எண்ணைப் பார்க்கச் செய்ய வேண்டும். இலக்கங்களை மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால், தொகை பத்தால் மீதியின்றி வகுபடும். ஏதேனும் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் வகுபடாது. ஆனால் அடுத்தடுத்து வரும் 2, 7 ஆகிய இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் இம்முறை ஏமாந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 5 என்பதே காரணம். இத்தகைய இடமாற்றத்தையும் தவறாமல் கண்டுபிடிக்கும் முறையொன்றை நெதர்லாந்துக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969இல் வகுத்தார். நம் ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் அம்முறைப்படி அமைந்ததே. முற்றத்து அட்டையிலிருந்து வீட்டுப் பெட்டியிலுள்ள அடையாள அட்டை வரை ஒரே கருத்து தொடர்வதைக் காணும் மாணவி, அவ்வெண்ணை இனி வேறு கண்ணோடு பார்ப்பாள்.

விளையாட்டின் எல்லை

விளையாட்டு மகிழ்ச்சி தந்தது என்பதாலேயே கல்வி நிகழ்ந்துவிட்டது என்று கொள்ள இயலாது. லோகோ மொழி கற்ற பிள்ளைகளின் திட்டமிடும் திறன் பொதுவாகவே உயர்ந்துவிடும் என்ற பெரும் நம்பிக்கை 1980களில் நிலவியது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்டு ஆகியோர் அக்காலத்தில் நடத்திய ஆய்வுகள் அந்நம்பிக்கைக்கு ஆதரவு தரவில்லை. கற்றது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தானாகத் தாவுவதில்லை; ஆசிரியர் பாலம் அமைக்க வேண்டியுள்ளது.

மறுபுறம், நெதர்லாந்தில் ஹெர்மன்ஸ், ஐவலோக்லூ ஆகியோர் 35 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது. ஒரு பிரிவு எட்டு வாரமும் ஸ்கிராட்ச் மொழியைக் கணிப்பொறியில் பயின்றது. மற்றொரு பிரிவு முதல் நான்கு வாரம் கருவியின்றியும் பின் நான்கு வாரம் கருவியோடும் பயின்றது. முடிவில் இரு பிரிவினரும் கருத்துகளை ஒரே அளவில் அறிந்திருந்தனர். கருவியின்றித் தொடங்கியவர்களுக்குத் தன்னம்பிக்கை மிகுதியாக இருந்தது. அவர்கள் பயன்படுத்திய கட்டளை வகைகளும் கூடுதலாக இருந்தன. சிறு ஆய்வுதான். ஆயினும் கணிப்பொறிக்காகக் காத்திருக்கும் பள்ளி அக்காலத்தை வீணாக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

காத்திருக்கும் காலம் என்பதை இங்கே அழுத்திக் கூற வேண்டியுள்ளது. அட்டையும் சுண்ணக்கட்டியும் போதுமென்று கூறிக் கருவி வழங்குவதை ஒத்திப்போடுவதற்கு இம்முறை சாக்காகிவிடக் கூடாது. நகரத்துப் பிள்ளை நிரல் எழுதக் கிராமத்துப் பிள்ளை கட்டம் தாண்டிக்கொண்டே இருக்குமானால் அது அநீதி. தான் எழுதிய கட்டளைக்கு ஓர் இயந்திரம் கீழ்ப்படிவதைக் காணும் மகிழ்ச்சிக்கு எந்த அட்டையும் ஈடாகாது.

முற்றத்திலிருந்து திரைக்கு

எனவே முற்றத்தில் ஆடிய அதே ஆட்டத்தையே திரையிலும் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் மொழியில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக உள்ளன; கட்டணமின்றிக் கிடைக்கிறது; ஒரு முறை ஏற்றிவிட்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். கிணறுகளைத் தாண்டிப் புதையலை அடைந்த அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் கட்டைகளை அடுக்கலாம். தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுத விரும்புவோருக்கு, பைத்தான் மொழியில் உருவாக்கப்பட்ட ‘எழில்’ என்னும் நிரல்மொழி உண்டு.

நாற்பது மாணவர்களுக்குப் பத்துக் கணிப்பொறிகள் உள்ள பள்ளியில், ஒரு கருவிக்கு நால்வர் அமர வேண்டியிருக்கும். வல்லவன் ஒருவன் விசைப்பலகையைப் பற்றிக்கொள்ள மற்ற மூவர் எட்டிப் பார்ப்பதே வழக்கம். இதைத் தவிர்க்க, ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டும். ஒருவர் அடுத்த கட்டளையைச் சொல்ல வேண்டும். மூன்றாமவர் நிரல் ஓடுமுன் என்ன நிகழும் என்று தாளில் எழுதவேண்டும். நான்காமவர் நிகழ்ந்ததை அதனோடு ஒப்பிட்டு, வேறுபட்ட வரியைச் சுட்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து இடம் மாற்றினால், நாற்பது நிமிடப் பாடவேளையில் ஒவ்வொருவர் விரலும் ஒருமுறை விசைப்பலகையைத் தொட்டிருக்கும்.